திரையின் மூலையில் ஒரு நெரிசல்

கண்டித் தலதா வீதியில் வாகனங்கள் நெருங்கி நிற்பது போல், நம் மாணவர்தம் கணினித் திரையின் வலது கீழ்மூலையில் சின்னங்கள் நெருங்கி நிற்கக் காண்கிறோம். 1995இல் விண்டோஸ் 95 தந்த வசதி இது. சிறு அம்புக்குறிக்குள் அவற்றை மறைத்துவிட்டால் போதுமென நாம் எண்ணுகிறோம். குப்பையைப் பாயின் கீழ்த் தள்ளுவதால் வீடு தூய்மையாகுமா? மறைந்த செயலிகள் ஓய்வதில்லை. நினைவகத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும். பழைய கணினியில் ஆய்வுக் கட்டுரை எழுதும் பேராதனை மாணவருக்கு இது பெருந்தடையன்றோ?

விண்டோஸ் 10, 11 கணினிகளில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் என்னும் மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்துக. தோன்றும் டாஸ்க் மனேஜரில் ‘ஸ்டார்ட்டப்’ பகுதியைத் திறந்து, வேண்டாதவற்றை முடக்குக. வைரஸ் தடுப்புச் செயலியை மட்டும் தொடற்க. அடுத்தமுறை கணினியை இயக்குகையில், முடக்கியவை தாமாக எழமாட்டா. மூலையும் ஒழுங்குபெறும், வேலையும் விரையும்.