குளிரில் வியர்த்தால் ஏன் ஆபத்து?

கம்பளிக்குச் சொந்தமாகச் சூடு கிடையாது. சூடு நம் உடம்பினுடையது. அதைத் தப்பவிடாமல் பிடித்துவைப்பதுகூட துணியல்ல, இழைகளுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்று. அதனால்தான் கனத்த ஒரே கோட்டைவிட, மெல்லிய இரண்டு மூன்று உடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக, சற்றுத் தொளதொளவென்று போடுவது மேல்.

வட கனடாவின் இனூயிட் மக்கள் இதைக் கரிபூ மான் தோலில் செய்தார்கள். உள்ளங்கியில் ரோமம் உடம்பைப் பார்த்திருக்கும். மேலங்கியில் வெளியே பார்த்திருக்கும். அந்த ரோமத்துக்குள்ளேயே காற்று நிறைந்த நுண்ணறைகள் உண்டு. 1903 முதல் 1905 வரை அங்கே தங்கிய நார்வேக்காரர் அமுண்ட்சென் இந்த உடை நுட்பத்தைக் கற்றுக்கொண்டு, 1911இல் தென் துருவப் பயணத்துக்கும் பயன்படுத்தினார்.

இப்படிப் பிடித்துவைத்த சூட்டுக்கு வியர்வைதான் எதிரி. நீர் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும். பருத்தி ஈரத்தைக் குடித்துத் தோலோடு ஒட்டிக்கொள்ளும். நமக்குப் பிரியமான பனியன் கடுங்குளிரில் உதவாது. பனியில் நடந்து பழகியவர்கள் வியர்ப்பதற்கு முன்பே ஓர் உடையைக் கழற்றிவிடுவார்கள், நின்றதும் மறுபடி மாட்டுவார்கள். பூட்ஸுக்குள் இரண்டு ஜோடி சாக்ஸைத் திணித்து இறுக்கினாலோ காற்றும் போச்சு, ரத்த ஓட்டமும் போச்சு. கால்விரல்தான் முதலில் விறைக்கும்.