தண்டவாளம் ஒரு கரையில், சனம் மறுகரையில்

திருகோணமலை மாவட்டத்துக் குறிஞ்சாக்கேணிக்குக் கோச்சி வராது. ஊர்ச்சனத்துக்குக் கிட்டிய நிலையங்கள் சீனக்குடாவும் தம்பலகாமமும்தான். ஏன் இப்படி அமைந்தது? தேத்தண்ணி ஆறுவதற்குள் பார்த்துவிடலாம்.

கொழும்பிலிருந்து வரும் பாதை மாகோவில் வடக்குப் பாதையை விட்டுப் பிரிகிறது. கல்லோயாச் சந்தியில் இன்னொரு பிரிவு: ஒன்று மட்டக்களப்புக்கு, மற்றது திருகோணமலைக்கு. சுமார் 70 கிலோமீற்றர் நீளமுள்ள இந்தத் திருகோணமலைக் கிளையை வெள்ளைக்காரர் 1920களில் துறைமுகத்தை மனத்தில் வைத்தே போட்டார்கள். கந்தளாய், தம்பலகாமம் தாண்டி, தம்பலகாமக் குடாவைச் சுற்றிக்கொண்டு அது சீனக்குடாவுக்குப் போகிறது. கிண்ணியாவும் குறிஞ்சாக்கேணியும் குடாவின் மறுபக்கம். வழியில் உள்ள ஊர்கள் அந்தப் பாதையைப் பிறகுதான் தமதாக்கிக்கொண்டன.

ஆள் அதிகம் ஏறாத இடத்தில் நிலையம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. இது ஒற்றைப் பாதை. எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகள் விலகிக்கொள்ள இடம் வேண்டும். அந்த இடம் சிறிய நிலையம்தான். ஒன்று பக்கத்துத் தண்டவாளத்தில் ஒதுங்கி நிற்கும், மற்றது கடந்து போகும். அடுத்த நிலையம் வரை பாதை வெறுமையாக இருக்கிறது என்பதற்கு அத்தாட்சியாக, சாரதியின் கையில் டெப்லட் என்ற உலோகத் தட்டைக் கொடுக்கும் முறை இலங்கையின் ஒற்றைப் பாதைகளில் நெடுங்காலம் இருந்துவருகிறது. அதைத் தரும் இயந்திரம் இரண்டு நிலையங்களிலும் மின்கம்பியால் பிணைக்கப்பட்டிருக்கும். ஒரு தட்டு வெளியே வந்துவிட்டால், அது அடுத்த நிலையத்தில் போய்ச் சேரும்வரை இன்னொன்று வராது. தட்டு இல்லாத வண்டி நகரவும் கூடாது. மேடையில் ஒரு பயணிகூட இல்லாத இரவிலும் நிலைய அதிபர் விழித்திருப்பது இதற்காகத்தான்.

சீனக்குடாவுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அங்கே கடற்கரையில் பிரிமா மாவாலை இருக்கிறது. கப்பலில் வந்த கோதுமை மாவாகித் தண்டவாளத்தில் ஏறி உள்நாட்டுக்குப் போகிறது.

இனி குறிஞ்சாக்கேணிப் பயணிக்கு வருவோம். கொழும்புக் கோட்டையில் இரவு வண்டி ஏறினால், ஏறத்தாழ 300 கிலோமீற்றர் தாண்டி விடியற்காலை சீனக்குடாவில் இறங்கலாம். வெளிநாட்டு வேலை அலுவலாகவோ பெரிய ஆஸ்பத்திரிக்கோ கொழும்பு போய்வருகிறவருக்கு அது ஒரு இரவின் லொட்ஜ் செலவு மிச்சம். ஆனால் மிச்சப்பட்டது வீடு வரை மிச்சமாக இருக்குமா என்பது வேறு கணக்கு. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை மிதவைக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. பாலம் வந்ததும் சீனக்குடா கிட்டவந்துவிட்டது. நிலையம் இருந்த இடத்திலேயேதான் இருந்தது. குறிஞ்சாக்கேணியிலோ வேறொரு பாலத்தின் வேலை நடந்த காலத்தில் சனம் இழுவைப் படகை நம்பியிருந்தது. 2021 நவம்பர் 23ஆம் திகதி அது கவிழ்ந்து, பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் உயிரிழந்தார்கள்.

ஆகவே ஒரு சிறிய நிலையத்தின் பயனை டிக்கட் விற்பனையை மட்டும் வைத்து அளக்க முடியாது. வீட்டுக்கும் மேடைக்கும் நடுவில் உள்ள தூரம் எப்படிக் கடக்கப்படுகிறது என்றும் பார்க்க வேண்டும். விடியற்காலைக் கோச்சியின் நேரத்துக்கு ஒரு பஸ் கிண்ணியாப் பக்கம் புறப்பட்டால், புதிய தண்டவாளம் ஒரு அடிகூடப் போடாமலே குறிஞ்சாக்கேணிக்கு ரயில் வந்த மாதிரித்தான்.