பார்க்காமலே அளப்பது எப்படி?

பழைய சிடி ஒன்றை விளக்குக்கு நேரா சாய்ச்சுப் பாருங்க. தடங்களின் இடைவெளி 1.6 மைக்ரான். டிவிடியில் 0.74 தான், அதில் நிறங்கள் இன்னும் அகலமா விரியும். தடத்தைப் பார்க்காமலே இடைவெளியைச் சொல்லிடலாம்!

சிப் தொழிற்சாலையில் வேஃபர் மேலுள்ள கோடுகள் அலைநீளத்தைவிட நெருக்கமானவை. அங்கே வானவில் விரியாது. ஆனா கோட்டின் வடிவம் மாறினா, திரும்பி வரும் ஒளியின் நிறமாலையும் மாறும். அதைக் கணினியில் கணக்கிட்ட மாதிரிகளோடு ஒப்பிடுறாங்க, பேர் ஸ்கேட்டரோமெட்ரி. எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் நேரடியாவே காட்டும்தான், ஆனா வெற்றிடம் வேணும், நேரமும் பிடிக்கும்.

சிக்கல் என்னன்னா, அகலம் கூடி உயரம் குறைந்த கோடும் கிட்டத்தட்ட அதே நிறமாலையைத் தரலாம். கணினி ஏமாந்தா, கெட்ட வேஃபர் பாஸாயிடும். அதனாலதான் ஒளி விழும் கோணத்தை மாத்தி மறுபடி அளக்கிறாங்க.