வெள்ளம் வடிந்த வீதிகளிலே



மும்பையில் பிழைக்க வந்து குடியேறிய நம்மவரில் மூத்தோர் யாரைக் கேட்டாலும் 2005 ஜூலை 26 என்ற நாளை மறவாமல் கூறுவர். அந்த 24 மணி நேரத்தில் சாந்தாகுரூஸ் மழைமானி 944 மில்லிமீட்டர் மழையைக் காட்டியது. நகரின் தென்முனையாகிய கொலாபாவில் பெய்ததோ ஏறக்குறைய 73 மில்லிமீட்டரே! பழைய வடிகால்களோ மணிக்கு 25 மில்லிமீட்டர் மழைக்கென்று கட்டப்பட்டவை. பிற்பகலில் கடலும் ஓதமேறி நின்றது. விஹார், போவாய் ஏரிகளின் உபரிநீரைச் சுமந்து மாஹிம் கழிமுகத்தை நோக்கி வரும் மித்தி ஆறு, இறங்க வழியின்றி, குர்லா, காலினா பகுதிகளின் வீடுகளுக்குள் புகுந்தது.

மழையைப்பற்றி அநேகர் எழுதியாயிற்று. நான் உங்களோடு பேச விரும்புவது, தண்ணீர் வடிந்தபின் வந்த வாரங்களைப்பற்றியே.

வீடுகளில் சேறு. தெருவெங்கும் ஊறிப்போன மெத்தைகள். தபேலாக்களில் கட்டிய கயிற்றோடு மடிந்த எருமைகள். ஆகஸ்டு மாதத்தில் எலிக்காய்ச்சல் பரவியது. எலியின் சிறுநீர் கலந்த நீரில், காலில் சிறு வெட்டுக்காயத்தோடு நடந்தாலே இந்நோய் தொற்றக்கூடும். கடுங்காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவத்தல் ஆகியவை கண்டவுடன் மருத்துவரிடம் சென்றால் எளிய மருந்தே போதும். தாமதித்தால் சிறுநீரகமும் கல்லீரலும் கெடும். "சாதாரண ஜுரந்தானே" என்று நாளைக் கடத்தாதேயுங்கள்.

ஆயினும், பாத்திரமும் துணியும் மறுபடி வாங்கலாம். வாங்க முடியாதது ஒன்று உண்டு. அது காகிதம். அக்காலத்தில் 1995 ஜனவரி 1-க்கு முன்பே குடியிருந்ததை நிரூபித்தவர்களுக்கே குடிசைக்கு மாற்றுவீடு பெறும் உரிமை இருந்தது. (2014-இல் செய்த சட்டத்திருத்தம் அவ்வெல்லையை 2000 ஜனவரி 1-ஆக நீட்டியது.) ரேஷன் கார்டும், மின்கட்டண ரசீதும், வாக்காளர் பட்டியலில் உள்ள பெயருமே சாட்சி. வெள்ளம் வடிந்த அடுத்த மாதமே மித்தி ஆற்றுக்கென ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. ஆற்றை அகலப்படுத்தும் பணியில், பிந்திய ஆண்டுகளில் கரையோரக் குடிசைகள் ஆயிரக்கணக்கில் அகற்றப்பட்டன. எந்தக் காகிதத்தை ஆறு கொண்டுபோயிற்றோ, அதே காகிதத்தை அந்த ஆற்றின் பெயராலேயே கேட்டார்கள். இதை எண்ணும்போது இன்றும் என் மனம் கலங்குகிறது.

ஆற்றை நெருக்கியவர்கள் குடிசைவாசிகள் மட்டுந்தானா? விமான ஓடுபாதைக்காகவும் அதன் போக்கு திருப்பப்பட்டது. பாந்த்ரா–குர்லா வளாகத்துக்காகச் சதுப்புநிலமும் தூர்க்கப்பட்டது. அவற்றுக்கு ரேஷன் கார்டு கேட்பார் ஒருவருமில்லை.

நனைந்த காகிதத்தை வெயிலில் உலர்த்தாதிருங்கள், இஸ்திரியும் போடாதிருங்கள். பருத்தித் துணிகளுக்கிடையே வைத்து நிழலில் உலர்த்துங்கள். தொலைந்துபோனால் முதலாவது காவல் நிலையத்தில் எழுதிக்கொடுத்துச் சான்று பெறுங்கள். ரேஷன் அலுவலகத்தில் நகல் கேட்கும்போது அது உதவும். பழைய வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் நிற்கும் பக்கத்தையும் தேடி, சான்றிட்ட நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.

நம் சகோதரிகளில் பலர் ரேஷன் கார்டை ஜிப் வைத்த வேதாகம உறைக்குள் வைத்திருப்பதைக் கண்டிருக்கிறேன். அன்பின் வழக்கந்தான், ஆனால் அந்த உறைக்குள் தண்ணீர் புகும். மழை தொடங்குமுன், மே மாதத்திலேயே, ஒரு நகலை ஊரிலுள்ள பெற்றோரிடம் அனுப்பிவையுங்கள்.