வெண் குறுமீன் இரும விண்மீன்களை இயந்திரக் கற்றலால் கண்டறிதல்

ஒரு பொது நிறை மையத்தைச் சுற்றிவரும் இரு விண்மீன்களுள் ஒன்றேனும் வெண் குறுமீனாக இருப்பின், அது வெண் குறுமீன் இரும விண்மீன் எனப்படும். சூரியன் போன்ற விண்மீன் எரிபொருள் தீர்ந்து, புற அடுக்குகளை இழந்தபின் எஞ்சும் அடர்ந்த உள்ளகமே வெண் குறுமீன். இத்தகைய இணைகளைக் கோடிக்கணக்கான விண்மீன்களின் தரவுகளிலிருந்து பிரித்தறிய இயந்திரக் கற்றல் முறைகள் பயன்படுகின்றன.

மறைந்திருக்கும் துணை

மரக்காணம் உப்பளக் கடற்கரையில் ஜனவரி மாத முன்னிரவில் தென்கிழக்கே, கடலுக்கு மேல் பளிச்சிடும் விண்மீன் சிரியஸ். வெறுங்கண்ணுக்கு அது ஒரே புள்ளி. அதன் நகர்வில் தெரிந்த தள்ளாட்டத்தைக் கொண்டு, கண்ணுக்குத் தெரியாத துணை ஒன்று உண்டு என்று 1844இல் பெசல் அறிவித்தார். 1862இல் ஆல்வன் கிரகாம் கிளார்க் அதைத் தொலைநோக்கியில் கண்டார். சிரியஸ் பி எனப்படும் இவ்வெண் குறுமீன், ஏறத்தாழ சூரியனின் நிறையைப் புவியளவு உருவில் அடக்கியுள்ளது. சிரியஸ் 8.6 ஒளியாண்டு தொலைவிலேயே இருப்பதால் இரண்டையும் பிரித்துப் பார்க்க முடிகிறது. வெகுதொலைவிலுள்ள இணைகள் தொலைநோக்கியிலும் ஒற்றைப் புள்ளியாகவே தெரியும்.

தேடும் முறை

சூடான வெண் குறுமீன் நீல, புறஊதா ஒளியை மிகுதியாக உமிழும். குளிர்ந்த செங்குறுமீன் சிவப்பு ஒளியை மிகுதியாக உமிழும். இரண்டும் இணைந்திருந்தால் நிறமாலையின் இரு முனைகளிலும் அவற்றின் சாயல் தெரியும். ஐரோப்பாவின் கையா விண்கலம் 2022இல் வெளியிட்ட மூன்றாம் தரவுத் தொகுப்பில் ஏறத்தாழ 22 கோடிப் பொருள்களின் நிறமாலைகள் உள்ளன. இவற்றை மனிதர் ஒவ்வொன்றாகப் பார்ப்பது இயலாது.

எனவே, முன்பே உறுதிசெய்யப்பட்ட இணைகளின் நிறமாலைகளைக் கணினிக்கு எடுத்துக்காட்டுகளாகக் கொடுத்துப் பயிற்றுவிக்கின்றனர். பல முடிவு மரங்களின் வாக்குகளைத் தொகுக்கும் ரேண்டம் ஃபாரஸ்ட், நரம்பியல் வலைப்பின்னல் ஆகியவை இவ்வாறு கற்பவை. தன்னொழுங்கு வரைபடம் என்னும் முறையோ விடை சொல்லித்தரப்படாமலே ஒத்த நிறமாலைகளை அருகருகே அடுக்குகிறது.

வரம்புகளும் சரிபார்த்தலும்

கணினி தருவது வேட்பாளர் பட்டியல் மட்டுமே. ஒரே திசையில் தற்செயலாக அமைந்த இரு விண்மீன்களும் இணைபோல் தோன்றலாம். பயிற்சித் தொகுப்பில் மங்கலான துணைகளே மிகுந்திருந்தால், சிரியஸ் போன்ற பிரகாசமான துணையின் ஒளியில் மறைந்தவை தப்பிவிடும். ஆகவே ஆரத்திசைவேக மாற்றம், புறஊதா ஒளி ஆகியவற்றால் உறுதிசெய்தல் அவசியம். 2015இல் ஏவப்பட்ட இந்தியாவின் ஆஸ்ட்ரோசாட்டில் உள்ள புறஊதாத் தொலைநோக்கி, எம்67 விண்மீன் கொத்தின் சில விண்மீன்களுக்கு வெண் குறுமீன் துணை இருப்பதை இவ்வாறு காட்டியது.

முக்கியத்துவம்

சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், வெண் குறுமீனின் நிறை சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கைத் தாண்ட முடியாது என்று நிறுவினார். துணையிடமிருந்து பொருளை ஈர்த்து அவ்வரம்பை நெருங்கும் வெண் குறுமீன் ஒன்றுஏ வகை சூப்பர்நோவாவாக வெடிக்கலாம். இரு வெண் குறுமீன்கள் ஒன்றிணைந்தும் அவ்வாறு வெடிக்கலாம். அண்டத்தின் தொலைவுகளை அளக்க இவ்வெடிப்புகளே அளவுகோல். பட்டியலில் போலிகள் கலந்தாலும் உண்மையானவை விடுபட்டாலும், எந்த இணைகள் எத்தனை முறை வெடிக்கின்றன என்ற கணக்குப் பிழைபடும்.