அரை கிரவுண்டில் தைல மரம்

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் ஒரகடத்தைத் தாண்டினால் மனைப்பிரிவுகள் வரிசையாக வருகின்றன. நெல் விளைந்த ஏரிப் பாசன நிலம், புஞ்சை, தைல மரத் தோப்பு எல்லாம் கல் நட்டு, தார் போட்டு, மனையாகிவிட்டன. சிப்காட் தொழிற்சாலைகளை நம்பி வந்தவர்கள் இங்கே அரை கிரவுண்டு வாங்கி வீடு கட்டுகிறார்கள். கிரகப்பிரவேசம் முடிந்த முதல் சித்திரையிலேயே மரத்தின் நினைப்பு வந்துவிடும். சீக்கிரம் வளர வேண்டும், ஆடு மாடு வாய் வைக்கக் கூடாது, தண்ணீர் ஊற்றும் வேலை இருக்கக் கூடாது. மூன்றுக்கும் ஒத்துவருவது தைல மரம்தான். சிக்கல் என்னவென்றால், அது சீக்கிரம் வளர்வதற்கான காரணமே வீட்டுக்குப் பகையாகவும் முடிகிறது.

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இந்த யூகலிப்டஸில் 700-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. நாவல், கொய்யா, கிராம்பு இவற்றின் குடும்பம்தான். நீலகிரிக்கு 1843 வாக்கில் வந்த நீல கம் மரம் வேறு. அது குளிர் மலைக்கானது. நம் சமவெளியில் நிற்பவை பெரும்பாலும் டெரிடிகார்னிஸ், கமால்டுலென்சிஸ் இனங்களும் அவற்றின் கலப்புகளும். கரூர் காகிதபுரத்திலும் பள்ளிபாளையத்திலும் உள்ள ஆலைகளுக்குக் காகிதக் கூழாகப் போவதும் இவைதான். நாலைந்து வருடத்தில் வெட்டலாம் என்பதால் விவசாயிக்கு அது ஒரு பயிர். வீட்டுக்காரருக்கோ வெட்டாமல் வளரவிடும் மரம். அப்படி விட்டால் 60 அடியைத் தாண்டும். 30-க்கு 40 மனையின் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் யாருடைய கூரையோ சேதப்படும்.

முதலில் நிழலைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் அதற்காகத்தான் நடுகிறார்கள். முதிர்ந்த தைல இலை புங்க இலையைப் போலப் படுத்துக் கிடக்காது; காம்பு திருகி, விளிம்பைச் சூரியனுக்குக் காட்டித் தொங்கும். உச்சி வெயில் முகத்தில் அடிக்காமல் காலையும் மாலையும் மட்டும் ஒளியை வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு இது. வறண்ட நாட்டு மரத்துக்கு நல்லதுதான். ஆனால் கீழே கட்டில் போட்டுப் படுப்பவருக்குப் பன்னிரண்டு மணி வெயில் சல்லடை வழியாக வருவதுபோல இறங்கும்.

அடுத்து, தண்ணீர். தைல மரம் நிலத்தடி நீரை உறிஞ்சித் தீர்த்துவிடும் என்பது ஊரறிந்த குற்றச்சாட்டு. அதில் பாதி நியாயம் இருக்கிறது. பிரிட்டன் நீரியல் அறிஞர் இயன் கால்டரும் இந்திய ஆய்வாளர்களும் கர்நாடகத்தில் அளந்து பார்த்து 1993-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். மண் ஆழம் குறைவான இடங்களில் இளம் தைலத் தோப்பு குடித்த நீர், அங்கே இயற்கையாக நின்ற இலையுதிர் காடு குடித்ததைவிட அதிகமில்லை. ஆனால் கேழ்வரகு வயலோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. மண் ஆழமாக இருந்த ஹொஸ்கோட்டேயில் கதை மாறியது: பெய்த மழையைவிட அதிகமான நீரைத் தோப்பு செலவழித்தது. வேர் வருடா வருடம் கீழே இறங்கி, பழைய இருப்பில் கைவைத்திருக்கிறது. நீலகிரி கிளன்மார்கனில் புல்வெளி நீர்ப்பிடிப்பு ஒன்றின் 59 சதவீதப் பரப்பில் நீல கம் நட்டார்கள். அங்கிருந்து வழிந்தோடும் நீர் முதல் வெட்டுச் சுற்றில் 16 சதவீதமும் அடுத்த சுற்றில் 25 சதவீதமும் குறைந்தது. இந்த வேர் எவ்வளவு ஆழம் போகும் என்பதற்கு ஒரு வேடிக்கையான சாட்சி, 2013-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் தைல இலையில் கண்ட நுண்ணிய தங்கத் துகள்கள். 30 மீட்டருக்கும் கீழே புதைந்திருந்த தங்கத்தை நீரோடு சேர்த்து மரம் மேலே ஏற்றியிருந்தது. (இலையைப் பறித்து அடகுக் கடைக்குப் போக வேண்டாம், நகைக்குத் தேறாது.)

ஒற்றை மரம் ஒரு தெருவின் போர்வெல்லை வற்றவைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். பயப்பட வேண்டியது அஸ்திவாரத்துக்கு. பாலாற்றங்கரைப் பக்கம் மணல் கலந்த மண் என்றால் பெரிய கவலையில்லை. ஏரிப் பாசனத்தில் இருந்த நன்செய் நிலங்களில் பெரும்பாலும் களி. களி ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். சுவரோரம் நிற்கும் தைல மரம் ஒரு மூலையின் ஈரத்தை மட்டும் இழுத்துவிட்டால் அந்த மூலை இறங்கும், சுவரில் கோணலாக வெடிப்பு ஓடும். ஐப்பசி மழையில் மண் மறுபடி உப்பும். ஆஸ்திரேலியாவில் களிமண்ணில் வீடு கட்டுவோருக்குச் சொல்லும் பொதுவான கணக்கு, மரம் எட்டக்கூடிய உயரம் எவ்வளவோ அவ்வளவு தூரம் தள்ளி நட வேண்டும் என்பது. அரை கிரவுண்டில் அவ்வளவு தூரம் போனால் அது அடுத்த தெரு.

காற்றும் இருக்கிறது. 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையிலும் சுற்றுப்பட்டிலும் சாய்த்த மரங்களை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். புயலே வேண்டாம், முதிர்ந்த தைல மரம் அமைதியான நாளில்கூடக் கிளையை முறித்துப் போடும்.

கொசு வராது என்று நடுபவர்களும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் மலேரியாவை விரட்ட இதைச் சதுப்பு நிலங்களில் நட்டார்கள். பலன் தந்த இடங்களில் அதற்குக் காரணம் வாசனை என்பதைவிட, சதுப்பு காய்ந்தது என்பதே பொருத்தம். எலுமிச்சை வாசனைத் தைலத்திலிருந்து பக்குவப்படுத்தி எடுக்கும் பிஎம்டி என்ற பொருள் உண்மையிலேயே கொசுவை விரட்டும். அதைத் தோலில் பூச வேண்டும்; வாசலில் மரமாக நிறுத்திப் பயனில்லை. தைல எண்ணெயைக் குழந்தை கைக்கு எட்டாமல் வையுங்கள். சிறிதளவு உள்ளே போனாலும் வலிப்புவரை கொண்டுபோகும்.

தனி வீட்டுக்குப் புங்கன், மகிழம் போதும். தைலத்தின் உறவில்தான் வேண்டுமென்றால் கொய்யா இருக்கிறது. ஊருக்கு வெளியே ஏக்கர் கணக்கில் நிலம் இருப்பவர், கிணற்றுக்கும் பக்கத்து வயலுக்கும் தள்ளி, ஐந்து வருடப் பயிராகத் தைலம் போடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

மனை வாங்கியவர்களில் பலருக்கு உண்மையான தலைவலி, நடுவதைவிட ஒழிப்பதுதான். பழைய தோப்பு நிலத்தில் வீடு கட்டினால், வெட்டிய அடிமரம் ஒரு மழைக்குப் பின் கொத்துக் கொத்தாகத் துளிர்க்கும். தண்டும் வேரும் சேரும் இடத்தில் முண்டுபோலப் பருத்திருக்கும் பகுதியில் மொட்டுகள் உறங்கிக்கொண்டிருக்கின்றன. காட்டுத்தீக்குப் பிழைக்க மரம் வைத்திருக்கும் சேமிப்பு. மேலே வெட்டிக்கொண்டிருப்பதில் பயனில்லை. பரவியிருக்கும் வேரிலிருந்து பொதுவாக இது முளைக்காது என்பதால், ஜேசிபி வைத்து அந்த முண்டோடு தோண்டி எடுத்தால் போதும். களி நிலமாக இருந்தால் உடனே வானம் தோண்டாதீர்கள். மரம் குடித்துக் காயவைத்திருந்த மண் இனி ஈரம் வாங்கி உப்பும். குறைந்தது ஒரு மழைக்காலமாவது போகட்டும். அதன் பிறகு மண் பரிசோதனை செய்துவிட்டு அஸ்திவாரம் போடலாம்.