விலையில்லா நூலுக்கும் வாசகர் வேண்டும்

பணி ஓய்வு பெற்ற நம்மவர் பலர் இப்போது எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். ஊரை விட்டு வந்த கதை, மும்பை சால் குடித்தனம், பாட்டியின் கைவைத்தியம், தல யாத்திரை என்று ஒவ்வொருவரிடமும் ஒரு நூலுக்கான சரக்கு இருக்கிறது. அச்சிட்டால் கட்டுக் கட்டாகக் கட்டிலுக்கடியில் தங்கிவிடுமோ என்ற பயத்தில் இலவச மின்னூலாக வெளியிடுகிறார்கள். நல்ல காரியம். ஆனால் ஒரு மாதம் போனதும், "யாரும் படிக்கவில்லையே" என்ற ஏக்கம் பிடித்துக்கொள்கிறது.

விலையில்லை என்பதற்காக மட்டும் யாரும் நூலைத் திறப்பதில்லை. வாசகர் பணம் தராவிட்டாலும் தம் நேரத்தைத் தந்தாக வேண்டும். புதிய வண்டி விட்டால் அது எங்கே, எப்போது நிற்கும் என்று பயணிகளுக்குத் தெரிவிப்பது ரயில்வேயின் கடமை. நூலுக்கும் அப்படித்தான்.

இலவச மின்னூல் நேற்று வந்த வழக்கமன்று. அமெரிக்காவில் 1971-ல் மைக்கேல் ஹார்ட் குட்டன்பர்க் திட்டத்தைத் தொடங்கினார். தமிழுக்கு 1998 பொங்கல் நாளில் மதுரைத் திட்டம் பிறந்தது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, பல நாட்டுத் தமிழன்பர்கள் பழைய இலக்கியங்களைத் தட்டச்சு செய்து கொடுத்தார்கள். 2013-ல் தொடங்கிய ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ், இக்காலத்தவர் எழுதும் நூல்களையும் வெளியிடுகிறது.

இலவசமென்றால் மதிப்புக் குறையுமே என்பார்கள். பாரதியார் பாடல்களின் உரிமையைச் சென்னை மாகாண அரசு 1949-ல் பெற்றது; பின்னர் அது பொதுவுடைமையாயிற்று. அதனால் பாரதியின் மதிப்பா குறைந்தது?

நூல் வெளியிடும் அன்பர்கள் கவனிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, உரிமை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுதியவுடனே உரிமை ஆசிரியருக்கு வந்துவிடுகிறது. அவர் காலத்துக்குப் பின்னும் 60 ஆண்டுகள் நிற்கிறது. ஆகவே "இலவசம்" என்று மட்டும் போட்டால், நண்பருக்குப் படியெடுத்துத் தரலாமா என்று வாசகர் தயங்குவார். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் ஒன்றை முதற்பக்கத்திலேயே குறித்துவிட்டால் தயக்கம் தீரும். ஆசிரியர் பெயரைச் சொல்லிப் பகிரலாம், விற்கக்கூடாது என்று நிபந்தனையும் விதிக்கலாம்.

இரண்டாவது, வடிவம். பழைய எழுத்துருவில் அடித்தது மற்றவர் கருவியில் புரியாத குறிகளாகத் தெரியும், யூனிகோடே நல்லது. ஏ4 அளவு பி.டி.எஃப் பக்கத்தைக் கைப்பேசியில் இழுத்து இழுத்துப் படிக்கக் கண் வலிக்கும். இபப் வடிவில் எழுத்தை வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கலாம். அதோடு, யூனிகோட் எழுத்தைக் கைப்பேசியே தமிழில் வாசித்துக் காட்டும். நம் வீட்டுப் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அவர்களுக்கு நூலைக் காது வழியே தருவது இந்த வசதிதான்.

மூன்றாவது, எடுத்துச் செல்லுதல். அமேசான் கிண்டிலில் நூலுக்குக் குறைந்தபட்ச விலையொன்று வைத்தே ஆகவேண்டும். செலக்ட் திட்டத்தில் சேர்ந்தால் 90 நாளில் 5 நாள் இலவசமாக வழங்கலாம். ஆனால் அக்காலத்தில் மின்னூலை வேறெங்கும் தரக்கூடாது. எல்லோருக்கும் இலவசமாகத் தர நினைப்பவர் இதைப் படித்துவிட்டுக் கையொப்பமிட வேண்டும்.

வாட்ஸ்அப் குழுக்களில் வெறும் இணைப்பை அனுப்பினால் காலை வணக்கங்களோடு அதுவும் மறைந்துபோகும். ஒரு சுவையான அத்தியாயத்தை மட்டும், அது யாருக்குப் பிடிக்குமோ அவருக்கு இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். மாதக் கூட்டத்தில் 10 நிமிடம் வாசித்துக் காட்டுங்கள். சங்க விழாவில் கியூ.ஆர். கட்டத்தை அச்சிட்டு வாசலில் ஒட்டுங்கள். கணினி பழகாத பெரியவர்களுக்காக ஒரே ஒரு படியாவது அச்சிட்டுச் சங்க நூலகத்தில் வையுங்கள். படித்தவர் சொல்லும் பிழைகளைத் திருத்தி மறுபடியும் ஏற்றுங்கள். அச்சு நூலுக்கு இல்லாத சௌகரியம் இது.

ஆயிரம் பேர் இறக்கிவைத்துத் திறக்காமல் விடுவதைவிட, பத்துப் பேர் கடைசிப் பக்கம்வரை படிப்பது மேல். அந்தப் பத்தில் ஒருவர் உங்கள் பேத்தியாக இருந்துவிட்டால், தாத்தா எந்த ஊரிலிருந்து, எதற்காக இங்கே வந்தார் என்பது அவளோடு நிலைத்திருக்கும். அன்பர்களே, எழுதியதைப் பெட்டியில் பூட்டாதீர்கள். வெளியிட்டதையும் அப்படியே விட்டுவிடாதீர்கள்.